பெட்ரோல் பங்க் மண்ணில் எரிபொருள் கலந்திருக்கிறதா? குமரி மாவட்டத்தில் சோதிப்பதற்கான முழு வழிகாட்டி

பங்க் வாங்கப் போகிறவர், குத்தகை முடிந்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர், 'கிணத்துத் தண்ணியில பெட்ரோல் வாடை அடிக்குது' என்று பக்கத்து வீட்டார் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், ஆலோசனை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து மண்ணைத் துளைக்கும் ஆகரைக் கையில் வாங்கியவர் ஆகியோருக்காக இது எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வேலை ஆய்வகத்தில் கெடுவது குறைவு. பெட்ரோல் ஆவியாகிற பொருள் என்பதால், மண் வெளியே வந்து பாட்டில் மூடியைத் திருகுவதற்குள் உள்ள இரண்டு மூன்று நிமிடத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. இப்படி ஆவி போய்க் கெட்ட மாதிரி 'மண் சுத்தம்' என்றே அறிக்கை தரும். அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

1. முதலில் கணக்குப் புத்தகம், பிறகு மண்வெட்டி

துளை போடுவதற்கு முன் குறைந்தது ஓராண்டு ஸ்டாக் ரிஜிஸ்டரை டேங்க் வாரியாகப் பாருங்கள். தினசரி டிப் (டேங்கில் அளவுகோல் விட்டுப் பார்த்த எரிபொருள் அளவு), வாட்டர் பேஸ்டில் (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) தெரிந்த தண்ணீர் அளவு, வேரியேஷன் (கணக்குக்கும் டிப்புக்கும் உள்ள வித்தியாசம்) ஆகிய மூன்றும் வேண்டும். ஒரு டேங்கில் மட்டும் குறைவு தொடர்ந்தால் துளைகளை அங்கிருந்து தொடங்கலாம். மழைக்காலத்தில் மட்டும் டேங்கில் தண்ணீர் ஏறினால், டேங்கிலோ மேன்ஹோலிலோ லோடு இறக்கும் குழாயிலோ எங்கோ வழி இருக்கிறது. தண்ணீர் உள்ளே வரும் வழியாக எரிபொருள் வெளியேயும் போகும்.

லோடு இறங்கிய நாளின் குறைவைத் தனியாக வையுங்கள். பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். வெயிலில் வந்த 12,000 லிட்டர் லோடு நிலத்தடி டேங்கில் 5 டிகிரி குளிர்ந்தால் 60 லிட்டர் குறைவாகக் காட்டும். அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கு சரியாக இருப்பதாலேயே கசிவு இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், மாதத்துக்கு சுமார் 130 லிட்டர் போய்விடும். மாதம் லட்சம் லிட்டர் விற்கும் பங்கில் அது ஆவியாதல் கழிவுக்குள்ளேயே மறைந்துவிடும். ரிஜிஸ்டர் எங்கே தேட வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

அடுத்து, வெடிபொருள் துறை உரிமத்தோடு இணைந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். டேங்க், வென்ட் பைப், டெலிவரி பைப், எர்த் பிட் எல்லாம் அதில் இருக்கும். தரையில் உள்ளது அதிலிருந்து அரை மீட்டர் விலகியிருப்பது சாதாரணம். பழைய ஊழியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சுற்றி வந்தால் வரைபடத்தில் இல்லாதவை தெரியவரும்: கைவிட்ட பழைய டேங்க், இடம் மாறிய பம்ப், முன்பு சர்வீஸ் பிட் இருந்த மூலை. 2000-க்கு முன்பே இயங்கிய பங்க் என்றால் சோதனைப் பட்டியலில் ஈயத்தையும் சேருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 1-க்குப் பிறகுதான் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது.

2. ஆய்வகத்தை முன்கூட்டியே பிடியுங்கள்

வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு இந்த மண்ணைக் கொண்டுபோகிறவர்கள் இன்னமும் உண்டு. அங்கே பார்ப்பது தழை, மணி, சாம்பல் சத்து, கார அமிலத் தன்மை போன்றவை. எரிபொருளுக்கு கேஸ் குரோமட்டோகிராஃப் (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) உள்ள ஆய்வகம் வேண்டும். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். அங்கீகாரப் பட்டியலில் 'மண்' என்ற வகையின் கீழ் இந்தச் சோதனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீருக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு மண்ணையும் பார்த்துக் கொடுப்பார்கள், சர்ச்சை வந்தால் அந்த அறிக்கை நிற்காது.

கேட்க வேண்டிய சோதனைகள் இவை:

- பி.டி.இ.எக்ஸ்.: பென்சீன், டொலுவின், எத்தில்பென்சீன், சைலீன். பெட்ரோலின் அடையாளம் இதில்தான் தெரியும்.
- டி.பி.எச்.: மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன். பெட்ரோல் பகுதி (கார்பன் 6 முதல் 10 வரை), டீசல் பகுதி (10 முதல் 28 வரை) என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள்.
- ஈரப்பதம். இல்லாவிட்டால் முடிவை உலர் எடைக்கு மாற்ற முடியாது.

'ஆயில் அண்ட் கிரீஸ்' சோதனை மலிவு என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எடை பார்க்கும் முறை என்பதால் கரைப்பானை ஆவியாக்கும்போது பெட்ரோலும் சேர்ந்து போய்விடும். மாறாக, செடிகொடியின் இயற்கை எண்ணெயும் கொழுப்பும் கணக்கில் ஏறும். ரப்பர் தோட்டமாகவோ தென்னந்தோப்பாகவோ கதம்பல் (தேங்காய் மட்டை) அழுகப் போட்ட குளக்கரையாகவோ இருந்த நிலத்தில் இந்த எண் வீணாக மிரட்டும். டி.பி.எச். சோதனையிலும் அப்படிப்பட்ட மண்ணுக்கு, இயற்கை எண்ணெய் நீங்குவதற்காக, 'சிலிக்கா ஜெல் சுத்திகரிப்பு செய்து தாருங்கள்' என்று எழுதிக் கொடுங்கள்.

பாட்டில்களை ஆய்வகமே தர வேண்டும். ஆவியாகும் பொருளுக்கு மெத்தனால் ஊற்றி முன்கூட்டியே எடை போட்ட 40 மில்லி குப்பிகள், டீசல் பகுதிக்கு டெஃப்லான் பூச்சு மூடியுள்ள 250 மில்லி பழுப்புக் கண்ணாடி ஜாடிகள், கூடவே ஒரு பயண வெற்றுக் குப்பி (மண் போடாமல் மாதிரிகளோடு போய்த் திரும்பும் குப்பி) ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

துளைக்கு 75 முதல் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கை ஆகரும் 5 மீட்டர் வரை நீட்டக் கூடிய ராடுகளும் வேண்டும். கான்கிரீட் தளத்தை உடைக்காமல் வட்டமாக வெட்ட கோர் கட்டர், கடப்பாரை, டேப், மண் கொட்டித் தரம் பார்க்கத் தார்ப்பாய் ஆகியவையும் வேண்டும்.

வாயு அளக்க பி.ஐ.டி. கருவி தேவை. 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குள்ளது, அபாயப் பகுதிக்கு ஏற்றது என்று சான்று பெற்றது. வாடகைக்கு எடுத்தால் அளவு சரிபார்க்க 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) ஐசோபியூட்டிலீன் வாயு சிலிண்டரையும் சேர்த்து வாங்குங்கள். அன்று காலை அளவு சரிபார்க்காத பி.ஐ.டி. காட்டும் எண்ணை எழுதி வைப்பதில் பயன் இல்லை. வெடிக்கும் அளவைக் காட்டும் எல்.இ.எல். மீட்டர் தனியாக வேண்டும்.

மாதிரிக்கு முனை வெட்டிய 10 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்ச் (ஒரு மாதிரிக்கு ஒன்று), 0.1 கிராம் காட்டும் சிறு தராசு, ஜிப் பைகள், பாஸ்பேட் இல்லாத சோப்பு, டிஸ்டில்டு வாட்டர், ஐஸ் பெட்டி, நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி. சாதாரண ரப்பர் கையுறையில் பெட்ரோல் ஊறி உள்ளே வந்துவிடும். நைட்ரைலையும் ஒவ்வொரு மாதிரிக்கும் மாற்ற வேண்டும்.

லேபிளை பென்சிலிலோ பால்பாயின்ட் பேனாவிலோ எழுதுங்கள். பெர்மனென்ட் மார்க்கர் மையின் கரைப்பானில் டொலுவின், சைலீன் இருக்கலாம், திறந்த குப்பி பக்கத்தில் மார்க்கர் மூடியைக் கழற்றினாலே அது மாதிரியில் ஏறிவிடும். ஆகர் மூட்டு இறுகிவிட்டால் துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பதும் இதே வகைத் தவறு. வேலைக்கு வரும் வண்டிக்கு முந்தின நாளே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.

4. எந்த மாதத்தில் போவது

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமும் நீர்மட்டத்தை ஆண்டுக்கு இரண்டு முறை ஏற்றி இறக்கும். தண்ணீரைவிட லேசான எரிபொருளும் அதோடு ஏறி இறங்கி, நடுவில் உள்ள மண்ணில் பூசிக்கொள்ளும். அதிகக் கலப்பு இருக்கும் அடுக்கு இதுதான். மழையில் இது தண்ணீருக்குள் மூழ்கிவிடுவதால் ஆகரால் நல்ல மாதிரி எடுக்க முடியாது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மிக ஏற்ற காலம். புகார் வந்த வேலை என்றால் மாதம் பார்த்துக் காத்திருக்க முடியாது, போய்விட வேண்டியதுதான். அப்படிப் போனால் மழைக்காலத்தில் எடுத்த மாதிரி என்பதையும் அன்றைய நீர்மட்டத்தையும் அறிக்கையில் எழுதுங்கள், கோடையில் ஒரு முறை திரும்பப் பாருங்கள். மழை கொட்டும்போது மட்டும் வேண்டாம். பி.ஐ.டி. ஈரத்தில் தடுமாறும், தளத்தில் சிந்திய டீசல் கழுவப்பட்டு உங்கள் துளைக்குள்ளேயே இறங்கும்.

5. துளைகளை எங்கே போடுவது

மூன்று டேங்க், நான்கு பம்ப் உள்ள சாதாரண பங்குக்கு 8 முதல் 10 துளை போதும். பரப்பைக் கட்டம் போட்டுச் சமமாகப் பிரிப்பது இங்கே பணத்தை வீணாக்கும். கசியக் கூடிய இடங்கள் தெரிந்தவைதான்:

- லோடு இறக்கும் இடம். ஹோஸைக் கழற்றும்போது சிந்துவது ஆண்டுக்கணக்கில் சேரும்.
- டேங்க் குழியின் வெளிப்புறம், சரிவு இறங்கும் பக்கம் இரண்டு துளை, மற்றப் பக்கங்களில் ஒவ்வொன்று.
- பம்புகளின் அடிப்பகுதி, பைப் வளையும் இடங்கள்.
- மழைநீர் வடிகாலும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும்.
- பின்னணி மாதிரிக்காக, மேட்டுப் பக்கத்தில் எந்த வண்டியும் நிற்காத மூலை.

இந்தக் கடைசித் துளையை மிச்சம் பிடிக்கிறவர்கள் பலர். அது இல்லாமல் மற்ற எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது.

சரிவு எந்தப் பக்கம் என்பதைச் சாலையைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும்தான் பங்க் கட்டியிருப்பார்கள், மேல்தளம் ஒரு பக்கம் சரியும், அடிமண் வேறு பக்கம் சரியும். சுற்றியுள்ள மூன்று வீட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் அளந்து, கிணற்று வாய் உயரங்களை லெவல் பார்த்துக் கழித்தால் நிலத்தடி நீர் போகும் திசை கிடைத்துவிடும். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு இருப்பது இதற்கு நல்ல வசதி.

ஆழத்தை மண்ணைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துச் செம்புறைக்கல் (லேட்டரைட்) மண்ணில் புழுத் துளை மாதிரி வழிகள் ஓடும். எரிபொருள் அவற்றின் வழியே இறங்கி, அடியில் உள்ள வெளிர் களிமண்ணில் முட்டிப் பக்கவாட்டில் போகும். எனவே கல்லும் களியும் சந்திக்கும் இடத்தில் கட்டாயம் ஒரு மாதிரி எடுங்கள். நாஞ்சில் நாட்டு வயலை நிரப்பிக் கட்டிய பங்குகளில் கொட்டிய செம்மண்ணும் பழைய வயல் களியும் சந்திக்கும் இடம்தான் அது. கடலோர மணலில் தடுக்க எதுவும் இல்லாததால் எரிபொருள் நேராக நீர்மட்டம் வரை போய்விடும்.

எந்த மண்ணானாலும் ஒரு துளைக்கு மூன்று ஆழம் என்று திட்டமிடுங்கள்: மேலே அரை மீட்டர், டேங்கின் அடிமட்டம் (பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டர்), நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. ஆய்வகத்துக்கு மூன்றும் போக வேண்டியதில்லை. எதை அனுப்புவது என்பதை 8-ஆம் படி முடிவு செய்யும்.

6. அனுமதியும் பாதுகாப்பும்

இடம் டீலருடையதாக இருந்தாலும் டேங்கும் பைப்பும் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனத்துடையவை. சேல்ஸ் ஆபீசரிடமிருந்து எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் தளத்தை வெட்டாதீர்கள்.

லாரி லோடு இறக்கும்போது வேலை நிற்க வேண்டும், வண்டி போன பிறகும் வாயு கலைய அரை மணி நேரம் விடுங்கள். துளை போடும் பக்கத்துப் பம்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள். செல்போன், சாதாரண டார்ச், பவர் டிரில் எதுவும் வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிய தடுப்புக்குள் வரக் கூடாது. தளம் வெட்டும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள். தீயணைப்பான் இரண்டும் மணல் வாளியும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

துளையின் வாயில் எல்.இ.எல். மீட்டரை அடிக்கடி பிடியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் ஆனாலே தீப்பிடிக்கும். மீட்டர் அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 10 சதவீத எல்.இ.எல்-ஐத் தொட்டால் கருவியை வெளியே எடுத்துவிட்டு ஆட்களை விலக்குங்கள்.

7. துளையிடுதல்

டேங்கின் ஓரத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் போடுங்கள். டேங்கைச் சுற்றி நிரப்பிய மணல் குழிக்குள் ஒருபோதும் ஆகரை விடக் கூடாது. ஒன்று, டேங்கைக் குத்திவிடலாம். இரண்டு, அந்த மணல் ஒரு தொட்டியைப் போல மழைத் தண்ணீரையும் பழைய சிந்தல்களையும் பிடித்து வைத்திருக்கும், அங்கே கிடைப்பதை வைத்து வெளி மண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முதல் 1.2 மீட்டரை ஆகர் போடாமல் கையால் மெதுவாகத் தோண்டுங்கள். கேபிளும் பைப்பும் அந்த ஆழத்துக்குள்தான் இருக்கும்.

'போர் வண்டியைக் கூப்பிட்டா அரை நாள்ல முடிஞ்சிடும்' என்று யாராவது சொல்வார்கள். கூப்பிடாதீர்கள். அது கம்ப்ரசர் காற்றை அடித்து மண்ணை மேலே தள்ளும் முறை. பெட்ரோல் ஆவி முழுவதும் அந்தக் காற்றோடு போய்விடும், நிலத்துக்குள்ளும் காற்று ஏறி ஆவியைப் பக்கத்து வடிகாலுக்குத் தள்ளும். செம்புறைக்கல் கெட்டியாக இருந்து கை ஆகர் இறங்காவிட்டால் கடப்பாரையால் உடைத்து இறங்குங்கள், அல்லது காற்றும் தண்ணீரும் விடாமல் குழாயை அடித்து இறக்கும் கருவியை வரவழையுங்கள்.

மண்ணை வந்த வரிசையிலேயே தார்ப்பாயில் அடுக்கி நிறம், ஈரம், மணலா களியா, வாடை உண்டா என்று எழுதுங்கள். மூக்கை மண்ணுக்குள் வைத்து முகராதீர்கள், பென்சீன் புற்றுநோய் தருவது. மேலோட்டமாக வந்த வாடையைக் குறித்தால் போதும்.

கண்ணை ஏமாற்றும் இரண்டு விஷயங்கள் இந்த மண்ணில் உண்டு. மணவாளக்குறிச்சி, மிடாலம் கரையோர மணலில் வரும் கறுப்பு அடுக்கு இல்மனைட் தாது, எண்ணெய்க் கறை அல்ல. வலுவான காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டும், கையில் பிசுபிசுக்காது. செம்மண் பகுதியில் துளையில் ஊறிய தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து தனித்தனியே நின்றால் அது இரும்பு பாக்டீரியா. சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய்.

8. பை சோதனை: எதை அனுப்புவது என்று முடிவு செய்ய

ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு பிடி மண்ணை எடுத்து ஜிப் பையில் பாதி அளவு போட்டு, மீதியில் காற்று இருக்கும்படி மூடுங்கள். கட்டியை வெளியிலிருந்தே நசுக்கி, அரை நிமிடம் குலுக்கி, நிழலில் 10 நிமிடம் வையுங்கள். பிறகு பி.ஐ.டி. முனை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, காட்டும் உச்ச எண்ணை எழுதுங்கள். எல்லாப் பையும் ஒரே அளவு மண், ஒரே நேரம், ஒரே நிழல். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருந்தால் ஒப்பிட முடியாது.

பின்னணி மண் ஒன்றிரண்டு பி.பி.எம். காட்டும் இடத்தில் ஒரு பை 100-ஐத் தாண்டினால் பெட்ரோல் என்று எடுத்துக்கொண்டு அந்த ஆழத்தை அனுப்பலாம். டீசலுக்கு இந்தக் கணக்கு உதவாது. டீசல் அவ்வளவாக ஆவியாகாததால் மண் ஊறியிருந்தாலும் 20, 30 என்றுதான் காட்டும். டீசல் டேங்க் பக்கம் ஜாடிச் சோதனையையும் சேருங்கள்: கண்ணாடி ஜாடியில் கால் பங்கு மண், முக்கால் பங்குக்குத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால் எண்ணெய் மேலே படலமாக வரும்.

பழைய வயல் சேற்றில் முட்டை அழுகிய வாடையோடு பி.ஐ.டி. ஏறினால் அவசரப்படாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடையும் 10.6 விளக்கு காட்டும். சேற்றின் மீத்தேனை அது காட்டாது.

இந்தப் பையில் இருந்த மண்ணையே எடுத்து ஆய்வகப் பாட்டிலில் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. குலுக்கி, நசுக்கி, திறந்து வாயுவை வெளியேற்றிய மண் அது, குப்பைக்குத்தான் போக வேண்டும்.

9. குப்பியில் அடைப்பது

ஆகர் மேலே வந்ததும் முதலில் ஆய்வக மாதிரி, அடுத்துப் பை, கடைசியில்தான் பதிவு. அப்போது எதை அனுப்புவோம் என்று தெரியாதே என்றால், எல்லா ஆழத்திலும் குப்பி நிரப்பி வைத்துவிட்டுப் பிறகு வேண்டாததை ஒதுக்குங்கள். குப்பி மலிவு.

அ) ஆகரில் உள்ள மண் கட்டியின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டித் தள்ளுங்கள். துளைச் சுவரை உரசி வந்த மண் அது. புதிதாகத் தெரியும் உள் பகுதியில் சிரிஞ்சைக் குத்தி 5 கிராம் அளவுக்கு இழுங்கள். சிரிஞ்சில் எந்தக் கோடு வரை வந்தால் 5 கிராம் என்பதைப் பக்கத்து மண்ணில் ஒரு முறை தராசில் பார்த்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் நிறுக்க வேண்டாம்.

ஆ) மெத்தனால் குப்பியைத் திறந்து, வாயில் மண் படாமல் நேராகத் தள்ளுங்கள். திருகில் ஒரு மணல் ஒட்டினாலும் மூடி இறுகாது, ஐஸ் பெட்டியிலேயே கசியும். சுத்தமான டிஷ்யூவால் துடைத்து உடனே மூடுங்கள். சிரிஞ்சைக் குத்தியதிலிருந்து மூடும் வரை அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

இ) மெத்தனால் தெறித்தால் அந்தக் குப்பியை வீசிவிட்டு வேறு எடுங்கள். ஆய்வகம் எடையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒரு மாதிரிக்கு இரண்டு குப்பி நிரப்புங்கள்.

ஈ) மெத்தனாலுக்குப் பதில் அமில உப்பு போட்ட குப்பிகளை ஆய்வகம் தந்தால் கடலோர மண்ணுக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். சிப்பித் தூள் கலந்த மணலில் அமிலம் பட்டால் நுரைக்கும், எழும் குமிழோடு பென்சீனும் போய்விடும்.

உ) டீசல் பகுதிக்கு 250 மில்லி ஜாடியை விளிம்பு வரை அழுத்தி நிரப்புங்கள். கல், வேர், தார்த் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கிவிடுங்கள். நிரப்பு மண்ணில் கிடக்கும் பழைய சாலைத் தார் ஒரு சில்லு போதும், டி.பி.எச். எண் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும்.

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி, அதாவது அதே மண் இன்னொரு முறை, வேறு பெயரில். ஒவ்வொரு துளைக்கும் இடையில் ஆகரைச் சோப்பு, குழாய்த் தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர் என்ற வரிசையில் கழுவுங்கள். சுத்தமான பின்னணித் துளையில் தொடங்கி, அதிகம் சந்தேகப்படும் துளையைக் கடைசிக்கு வைத்தால் கழுவுதலில் விட்டதும் பெரிய கேடு செய்யாது.

10. ஐஸ் பெட்டியும் பயணமும்

மாதிரி 4 டிகிரியில் இருக்க வேண்டும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் ஐஸ் பிளான்ட்டில் உடைத்த ஐஸ் எளிதில் கிடைக்கும். அதை இரட்டைப் பையில் கட்டி வையுங்கள், உருகிய தண்ணீரில் குப்பி மிதக்கவோ லேபிள் ஊறவோ கூடாது. மீன் ஏற்றிய பெட்டியைக் கடன் வாங்காதீர்கள். பயண வெற்றுக் குப்பியைத் திறக்காமல் அதே பெட்டியில் வையுங்கள். அதில் பென்சீன் தெரிந்தால் பெட்டிக்குள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியிருக்கிறது என்று பொருள்.

மெத்தனால் தீப்பிடிக்கும் திரவம், சாதாரண கூரியரில் போட முடியாது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரமோ மதுரையோ, காரில் நேராகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள். மெத்தனால் மாதிரிக்கு 14 நாள் கெடு, டீசல் ஜாடியை 14 நாளுக்குள் கரைத்தெடுக்க வேண்டும். வியாழன், வெள்ளியில் மாதிரி எடுத்தால் ஞாயிறு முழுவதும் ஐஸ் மாற்றும் வேலை உங்களுடையது. யார் எடுத்தது, யார் கொண்டுபோனது, யார் வாங்கியது என்ற கைமாற்றுத் தாளில் நேரத்தோடு கையெழுத்து இல்லையென்றால் நீதிமன்றத்தில் அந்த அறிக்கை வெறும் காகிதம்.

11. துளையை மூடுவது

திறந்து விட்ட துளை, மேலே சிந்துவது நேராக நிலத்தடி நீருக்குப் போகும் குழாய். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடாதீர்கள். பென்டோனைட் களித் துண்டுகளை (தண்ணீரில் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும் களி) அரை மீட்டர் அரை மீட்டராகப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, மேல் 30 சென்டிமீட்டரைக் கான்கிரீட்டால் மூடுங்கள். வெளியே எடுத்த மண் மூடிய டிரம்மில் இருக்கட்டும், முடிவு வரும் வரை தென்னை மூட்டில் கொட்ட வேண்டாம்.

12. பக்கத்துக் கிணறு

சரிவுப் பக்கத்து இரண்டு மூன்று கிணறுகளில் தண்ணீரும் எடுங்கள். மோட்டார் போட்டு டேங்கில் ஏற்றிய தண்ணீர் கூடாது, குழாயில் வரும்போதே ஆவி போய்விடும். வாளியை மெதுவாக இறக்கி, அமிலம் போட்ட 40 மில்லி குப்பியில் குமிழே இல்லாமல் நிரப்பி, கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவுக் குமிழ் தெரிந்தால் மறுபடி எடுங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், டொலுவினுக்கு 0.7.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் பென்சீன் சிதையாமல் கூடுதல் தூரம் போகும். அடுத்த வீட்டுக் கிணறு சுத்தமாக இருக்கிறது என்று அங்கேயே நிறுத்தாமல் அதற்கு அடுத்ததையும் பாருங்கள்.

13. அறிக்கையைப் படிப்பது

முதலில் பார்க்க வேண்டியது முடிவு எண்ணை அல்ல. உலர் எடைக்குத் தந்திருக்கிறார்களா, வெற்றுக் குப்பி சுத்தமா, இரட்டை மாதிரிகள் ஓரளவு ஒத்துப்போகின்றனவா, 'கண்டறியப்படவில்லை' என்ற இடத்தில் கண்டறியும் எல்லை எவ்வளவு என்பவற்றைப் பாருங்கள். எல்லையே கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் பென்சீன் 'இல்லை' என்ற வரிக்கு மதிப்பு கிடையாது.

ஒப்பிட ஆலோசகர்கள் பலர் எடுப்பது நெதர்லாந்தின் தலையீட்டு அளவுகள் (மண் கடுமையாக மாசுபட்டது என்று கருதும் எல்லைகள்): கிலோவுக்குப் பென்சீன் 1.1, டொலுவின் 32, எத்தில்பென்சீன் 110, சைலீன் 17, மினரல் ஆயில் (பெட்ரோலிய எண்ணெய்) 5,000 மில்லிகிராம். இவை 10 சதவீதம் அங்ககப் பொருள் (மக்கிய செடிகொடி போன்றவை) உள்ள மண்ணுக்கானவை என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் கடலோர மணலில் அங்ககப் பொருள் 2 சதவீதம்கூட இருக்காது. அப்படிப்பட்ட மண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்க்க வேண்டும்: பென்சீன் 0.22, மினரல் ஆயில் 1,000. மினரல் ஆயில் கிலோவுக்கு 3,000 மில்லிகிராம் காட்டிய மணலை 'அளவுக்குள்' என்று எழுதிய அறிக்கை தவறான அறிக்கை.

பென்சீனும் டொலுவினும் தூக்கலாக இருந்தால் புதிய பெட்ரோல், கசிவு இப்போதும் நடக்கலாம். அவை தேய்ந்து சைலீனும் கனமான பகுதியும் மட்டும் மிஞ்சியிருந்தால் பழைய சிந்தல். டீசல் பகுதி மேல் அரை மீட்டரில் மட்டும் இருந்து கீழே இல்லாவிட்டால், டேங்கை விட்டுவிட்டு லோடு இறக்கும் பழக்கத்தைச் சரி செய்யுங்கள்.

புதிய பெட்ரோல் என்று தெரிந்தால் மண்ணை அள்ளுவது அடுத்த வேலை அல்ல. சந்தேகப்படும் டேங்கில் விற்பனையை நிறுத்தி, எரிபொருளை வேறு டேங்குக்கு மாற்றி, டேங்குக்கும் பைப்புக்கும் தனித்தனியே அழுத்தச் சோதனை செய்ய எண்ணெய் நிறுவனத்தை எழுத்தில் கேளுங்கள். நாகர்கோவிலில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் வெடிபொருள் துறைக்கும் அதே நாளில் தகவல் போகட்டும். கிணற்றில் பென்சீன் வந்திருந்தால் அந்த வீட்டாருக்கு அன்றைக்கே சொல்லி, குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிடாதீர்கள், மூடிய அடுக்களையில் அந்த ஆவியைச் சுவாசிப்பதும் அவர்கள்தான்.